ஏற்றம் ஏன் கரையோரத்தில் குறைகிறது?

டிக்கோயா மலைகளைப் பார்த்தாலே சைக்கிள்காரருக்குக் கால் வலிக்கும். ஆனால் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதையில் ஏற்றம் குறைவு. ஏன்? கெஹெல்கமு ஓயாவை அணை மறித்ததும் நீர் ஒரே மட்டத்தில் பரவியது. அதன் விளிம்பே ஒரு சமவுயரக் கோடு. பாதையும் ஏறக்குறைய அதன்படியே வளைகிறது. என்ன, ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் புகுந்து வெளிவர வேண்டும், தூரம் கூடும்.

மேலே தேயிலைக்குள் ஏறினால் கதை வேறு. ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்றால், 100 மீட்டர் உயர எந்தப் பாதையிலும் புவியீர்ப்புக்கு எதிராகச் சுமார் 78,000 ஜூல் வேலை. நூற்றுக்குப் பத்துச் சரிவில் 78 நியூட்டன் பின்னிழுக்கும், நான்கில் 31தான். கொண்டை ஊசி வளைவுகள் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை, தவணையாக்குகின்றன. பின்னால் ஹோர்ன் அடிக்க பஸ் இல்லாத தோட்டப் பாதையில் அதை ஆறுதலாகவே கட்டலாம்.