சனியின் சந்திரனிலிருந்து வந்த குரல்

விண்வெளிப் பயணங்களைப் பற்றிய செய்திகளை நாம் படிக்கும்பொழுது, தீயைக் கக்கிக்கொண்டு மேலெழும் ஏவுகலத்தின் காட்சியே முதலில் நம் மனக்கண் முன் நிற்கின்றது. அதற்கடுத்தபடி நினைவுக்கு வருவன தொலைதூரக் கோள்களின் வண்ணப் படங்கள். இவ்விரண்டிற்கும் இடையே கழியும் நீண்ட ஆண்டுகளில், மேசை முன்னமர்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறியியலாளர்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. அத்தகைய ஒருவர் விடாப்பிடியாக நின்று நடத்திய ஒரு சோதனையினால், ஏறத்தாழ 330 கோடி டொலர் செலவிலே மேற்கொள்ளப்பட்ட ஒரு பயணத்தின் மிக அரிய பகுதி பாழாகாது தப்பியது. அந்த வரலாற்றையே இன்று வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

சனிக் கோளைச் சுற்றும் உபகிரகங்களுள் மிகப் பெரியது டைட்டன். 1655ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் தேதி, ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ், தம் கையாலே செய்த தொலைநோக்கியினூடாக இதனை முதன்முதலிற் கண்டார். இதன் குறுக்களவு 5,150 கிலோமீற்றர். புதன் என்னும் கோளே இதனிலும் சிறியது என்றால், இதன் பருமையை நாம் ஒருவாறு உணரலாம். ஆயினும் விஞ்ஞானிகளை இதன்பால் ஈர்த்தது இதன் பருமையன்று. இதனைப் போர்த்திருக்கும் வளிமண்டலமேயாகும். 1944ஆம் ஆண்டிற் கைப்பர் என்னும் வானியலறிஞர் அங்கே மெதேன் வாயு இருப்பதைக் கண்டுபிடித்தார். 1980ஆம் ஆண்டு நவம்பரில் வொயேஜர் 1 அதன் அருகே பறந்து சென்றபோது, அவ்வளிமண்டலத்தின் பெரும்பகுதி நமது பூமியிற் போலவே நைதரசன் என்பதும், தரைமட்டத்தில் அதன் அமுக்கம் பூமியிலுள்ளதிலும் ஒன்றரை மடங்கு என்பதும் தெரியவந்தன. ஆனால் தரையை மட்டும் காண முடியவில்லை. செம்மஞ்சள் நிறமான புகைமூட்டம் அதனை முற்றாக மறைத்து நின்றது. திரைக்குப் பின்னால் இருப்பது கடலோ, கல்லோ, சேறோ என்று ஒருவராலும் துணிந்து கூற இயலவில்லை.

அத்திரையை விலக்கிப் பார்க்கவே அமெரிக்காவின் நாசாவும், ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும், இத்தாலிய விண்வெளி நிறுவனமும் ஒன்றுகூடி ஓர் இரட்டைக் கலத்தை அமைத்தன. தாய்க்கலத்திற்குக் கசினி என்று பெயர். அது சனியைச் சுற்றி வருவது. அதன் விலாவிலே ஒட்டிச் சென்ற ஐரோப்பியச் சேய்க்கலத்திற்கு ஹைகன்ஸ் என்று அவ்வறிஞரின் பெயரையே சூட்டினர். அது டைட்டனின் வளிமண்டலத்தினுள்ளே இறங்குவது. 1997ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் தேதி புளோரிடாவிலிருந்து புறப்பட்ட இக்கலம், சனிக்கு நேரே செல்லும் வேகம் பெறாமையால், வெள்ளியை இருமுறையும், பூமியையும் வியாழனையும் ஒவ்வொரு முறையும் அணுகி, அவற்றின் ஈர்ப்பினால் வேகம் பெற்று, ஏழாண்டுகள் நடந்து சனியை அடைய வேண்டியிருந்தது.

ஹைகன்ஸ் பற்றறியால் இயங்கிய சிறு கலம். அதன் எடை ஏறத்தாழ 320 கிலோகிராம். அதன் வானொலி அனுப்பியின் வலு 10 வாற்று மாத்திரமே. நம் வீடுகளில் எரியும் ஒரு சிறு மின்குமிழின் வலு என்று கொள்ளலாம். இக்குரல் 120 கோடி கிலோமீற்றர் கடந்து நேரே பூமிக்கு வந்து, அதன் சொற்கள் புரியும்படி கேட்பது நடவாத காரியம். ஆகவே ஹைகன்ஸ் இறங்கும்போது பேசுவதனைக் கசினி மேலிருந்து கேட்டு, பதிவு செய்து, பின்னர் பூமியை நோக்கித் திரும்பி ஒப்புவிக்க வேண்டும் என்பதே திட்டம். கசினியின் செவி பழுதாயின் ஹைகன்ஸ் பேசியும் ஊமையே. இரண்டாம் முறை அனுப்புவதற்கு வேறொரு ஹைகன்ஸ் இல்லை.

அச்செவி பழுதாகத்தான் இருந்தது! ஆனால் கலம் புறப்பட்டு ஈராண்டுகளுக்கு மேலாகியும் இதனை ஒருவரும் அறிந்திலர்.

ஜேர்மனியிலுள்ள டார்ம்ஸ்டாட் நகரில் ஐரோப்பிய நிறுவனத்தின் கட்டுப்பாட்டு நிலையம் இருக்கின்றது. அங்கே பணிபுரிந்த சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் போரிஸ் ஸ்மெட்ஸ் என்பவரிடம், ஹைகன்ஸின் செயற்பாடுகளுக்குப் பொறுப்பாயிருந்த கிளவ்டியோ சொலாற்சோ, கசினியின் வானொலி வாங்கியைப் பறக்கும்போதே சோதிக்கும் வழியை வகுக்கும்படி பணித்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறையளவில் ஹைகன்ஸின் கருவிகள் சோதிக்கப்பட்டே வந்தன. எல்லாம் நலமென்றே பதிலும் வந்தது. ஆனால் இரு கலங்களும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்போது கேட்கின்ற செவி, அவை பிரிந்து, ஒன்றையொன்று வேகமாக நெருங்கும்போதும் கேட்குமா என்பதை அச்சோதனைகள் காட்டமாட்டா. பூமியிலிருந்தே ஹைகன்ஸின் குரலைப் போன்றதொரு குரலை, அந்த வேகத்தினால் உண்டாகும் மாற்றத்துடன் சேர்த்துக் கசினிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார் ஸ்மெட்ஸ். இத்தனை சிக்கலான சோதனை எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தனர். திட்டம் முதலில் மறுக்கவும்பட்டது. அவரும் அவருக்குத் துணை நின்றோரும் விட்டுக்கொடுக்கவில்லை.

வேகத்தினால் உண்டாகும் மாற்றம் என்றோமே, அஃது யாதென மாணவர்கள் கேட்கலாம். ஊதிக்கொண்டு வரும் புகையிரதம் நம்மை நெருங்கும்போது அதன் ஊதல் ஒலி உச்சமாகவும், நம்மைக் கடந்து அகலும்போது தாழ்ந்தும் கேட்பதை அனைவரும் அறிவர். 1842ஆம் ஆண்டில் ஒஸ்திரிய அறிஞர் டொப்ளர் விளக்கியமையால் இதற்கு டொப்ளர் விளைவு என்று பெயர். வானொலி அலைகளுக்கும் இவ்விதி பொருந்தும். இதனைச் சங்கீத உவமையால் விளக்குவது எளிது. ஹைகன்ஸின் குரலில் இரண்டு அம்சங்கள் உண்டு. ஒன்று அலையின் மீடிறன். இதனைச் சுருதி எனலாம். மற்றொன்று, அவ்வலையின் மீது ஒரு செக்கனுக்கு 8,192 வீதம் ஏற்றி அனுப்பப்படும் தரவுக் குறிகள். இவற்றின் ஓட்டத்தைத் தாளம் எனலாம். கலங்கள் நெருங்கும்போது சுருதி ஏறும். தாளமும் அதே விகிதத்தில் விரையும். கசினியின் வாங்கி, ஏறிய சுருதிக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. தாளத்தையோ அதனை அமைத்தோர் கவனியாது விட்டனர்!

விரைவு மிகச் சிறியதுதான். முதலில் வகுத்த வழியின்படி இரு கலங்களும் செக்கனுக்கு ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீற்றர் வேகத்தில் நெருங்கும். ஒளியின் வேகமோ செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர். இவ்விரண்டையும் ஒப்பிட்டால் மாற்றம் ஒரு இலட்சத்தில் இரண்டு பங்கிற்கும் குறைவாகும். ஆறேழு செக்கனுக்கு ஒரு குறி முந்திவிடும், அவ்வளவே. ஆனால் இறுக்கமாகத் தாளம் போடும் ஒருவர், பாடகர் மயிரிழை விரைந்தாலும் தொடர முடியாமல் தடுமாறுவது போல, அவ்வாங்கியும் குறிகளைத் தவறவிட்டுப் பொருளற்ற உளறலையே பதிவு செய்யும்.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஸ்மெட்ஸ் கலிபோர்ணியாவின் மொஹாவிப் பாலைவனத்திலுள்ள கோல்ட்ஸ்டோன் நிலையத்திற்குச் சென்றார். பூமியைக் கடந்து வியாழனை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கசினிக்கு அங்கிருந்து போலிக் குரல் அனுப்பப்பட்டது. கசினி கேட்டதைத் திருப்பி ஒப்புவித்தது. அலை போய்ச் சேர்ந்திருந்தது. அதன் மேல் ஏற்றிய தரவுகளோ சிதைந்து கிடந்தன. வாங்கியின் அத்தாள அமைப்பு, தொலைவிலிருந்து மாற்ற இயலாதபடி கருவியினுள்ளேயே பதிக்கப்பட்டிருந்தமையால், கட்டளை அனுப்பித் திருத்தவும் வழியில்லை.

புறப்படுமுன் இதனை ஏன் கண்டுபிடிக்கவில்லை? இரு கலங்களையும் உண்மை நிலைமையில் வைத்துப் பேசவிடும் முழுச் சோதனையொன்று ஆலோசிக்கப்பட்டதுண்டு. அதற்காகக் கலத்தின் பாகங்களைக் கழற்றி, மீண்டும் பூட்டி, மீண்டும் தகுதி காணவேண்டும். செலவு அதிகம் என்று கைவிட்டனர். இந்தச் சிக்கனம் நமக்கு வியப்பளிக்கவில்லை. எந்த நாட்டிலும் கணக்கர் மேசையில் முதலில் வெட்டுப்படுவது சோதனைச் செலவேயாகும்.

2001ஆம் ஆண்டில் இரு நிறுவனங்களினதும் வல்லுநர்கள் கூடி ஆராய்ந்தனர். செவியைத் திருத்த முடியாதெனில் பாதையைத் திருத்தலாமன்றோ? மீண்டும் புகையிரதத்தை நினைத்துக்கொள்வோம். தண்டவாளத்தின் ஓரத்திலே நின்றால் அது நம்மை நோக்கி முழு வேகத்துடன் வரும். வயல் நடுவே எட்டி நின்றாலோ அது நம் முன்னே குறுக்காக ஓடும்; நம்மை நெருங்கும் வேகம் சொற்பமே, ஊதல் ஒலியின் மாற்றமும் சொற்பமே. டைட்டனுக்கு 1,200 கிலோமீற்றர் அருகிற் செல்வதற்கிருந்த கசினியை, ஏறத்தாழ 60,000 கிலோமீற்றருக்கு அப்பால் விலக்கிச் செலுத்தத் தீர்மானித்தனர். இதற்காகச் சனியைச் சுற்றும் முதலிரண்டு பெரிய சுற்றுக்களை மூன்று சிறிய சுற்றுக்களாக மாற்றினர்; 2004 நவம்பரில் நடக்கவிருந்த இறக்கத்தை 2005 ஜனவரிக்குத் தள்ளினர். எரிபொருள் சிறிது கூடுதலாகச் செலவாயிற்று. ஆயினும் அதன்பின் கசினி பழைய பயணத் திட்டத்திலேயே மீண்டும் சேர்ந்துகொண்டது. கணிதத்தின் அழகை மாணவர்களுக்குக் காட்ட இதனிலும் நல்ல உதாரணம் ஒன்றை நாம் அறியோம்.

2004 டிசெம்பர் 25ஆந் தேதி ஹைகன்ஸ் தாயைப் பிரிந்தது. மூன்று வாரங்கள் உறங்கியபடியே சென்று, 2005 ஜனவரி 14ஆந் தேதி விழித்தெழுந்து, செக்கனுக்கு ஆறு கிலோமீற்றர் வேகத்தில் டைட்டனின் வளிமண்டலத்தினுட் புகுந்தது. வெப்பக் கவசம் வேகத்தைத் தணிக்க, பரசூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிய, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் மிதந்து இறங்கியது. தரையிலே மோதிய பின்னும் பேசிக்கொண்டேயிருந்தது. கசினி அடிவானத்தின் கீழே மறையும் வரை, 72 நிமிட நேரம், அப்பேச்சைக் கேட்டது.

ஆனால் அன்றும் ஒரு சோதனை காத்திருந்தது. ஹைகன்ஸ் இரண்டு தனித்தனி வழிகளிற் பேசியது. அவற்றுள் ஒன்றனுக்கான வாங்கியை முறைப்படி இயக்கும் கட்டளை, கசினிக்கு அனுப்பிய கட்டளைத் தொகுதியிலே விடுபட்டுப் போயிற்று. இத்தனை ஆண்டுகள் தாளத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள், ஈற்றில் ஒரு வரிக் கட்டளையை எழுத மறந்தார்கள்! ஏறத்தாழ 700 படங்களுட் பாதி இவ்வாறு ஒழிந்தன. காற்றின் வேகத்தை அளக்கும் பரிசோதனை அவ்வொரு வழியையே நம்பியிருந்தது. போன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் பேர்டின் தலைமையில் அதற்காகப் பல்லாண்டு உழைத்த குழுவினரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

அவர்களைக் காத்தது பூமி. அன்று அமெரிக்கா, அவுஸ்திரேலியா, சீனா, யப்பான் ஆகிய நாடுகளின் பெரிய வானொலித் தொலைநோக்கிகள் டைட்டனை நோக்கித் திருப்பப்பட்டிருந்தன. மேற்கு வேர்ஜீனியாவின் கிறீன் பாங்க் தொலைநோக்கி அச்சிறு குரலை முதலிற் கேட்டது. 67 நிமிடம் பயணஞ் செய்து வந்த அவ்வொலியிலே சொற்கள் புரியவில்லை. சுருதி மட்டும் கேட்டது. காற்றில் அடிபட்டுக் கலம் அசைய அசையச் சுருதியும் ஏறி இறங்கிற்று. அதிலிருந்தே காற்றின் வேகத்தைக் கணித்தனர். 120 கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு 430 கிலோமீற்றர். தரைக்கு அண்மையில் மெல்லிய தென்றல். கசினியின் செவியைக் கெடுத்த அதே டொப்ளர் விளைவே இங்கே உதவிக்கு வந்தது.

மற்ற வழியிலே வந்த செய்திகள் ஏறத்தாழ ஒரு குறியும் பிசகாது வந்து சேர்ந்தன. திரை விலகிற்று. கிளை கிளையாகப் பிரிந்து பள்ளத்தை நோக்கி ஓடும் ஆற்றுப் படுகைகளைப் படங்களிற் கண்டோம். தரையிலே உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள் சிதறிக் கிடந்தன. ஆனால் அவை கல்லல்ல. தண்ணீர் உறைந்த பனிக்கட்டி. வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 179 பாகை சதமம் ஆகையால், அங்கே பனிக்கட்டியே பாறையாகின்றது. ஆறாக ஓடி அதனைத் தேய்ப்பது திரவ மெதேன். கலத்தின் கருவியின் வெம்மை பட்டதும் ஈரத் தரையிலிருந்து மெதேன் ஆவியாகக் கிளம்பியது. நமது நாட்டிலே மழை செய்யும் வேலையை அங்கே வேறொரு பொருள் செய்துகொண்டிருக்கின்றது.

கசினி 2017 செப்டெம்பர் 15ஆந் தேதி சனியின் வளிமண்டலத்திற் பாய்ந்து முடிவெய்தும் வரை, டைட்டனின் வடபகுதியிலே திரவ மெதேன் நிரம்பிய ஏரிகளையும் கடல்களையும் ராடர் மூலம் படமெடுத்தது. அடுத்து நாசா அங்கே அனுப்பவிருப்பது டிராகன்ஃபிளை என்னும் பறக்கும் இயந்திரம். 2028ஆம் ஆண்டில் அதனை ஏவவும், 2034ஆம் ஆண்டில் டைட்டனில் இறக்கவும் திட்டமிட்டிருக்கின்றனர். இதற்குத் தாய்க்கலம் கிடையாது. தன் சொந்த வானொலித் தட்டைக் கொண்டு பூமியுடன் நேராகவே பேசும்.