இதயத்திற்கு ஒரு வழி

மூடிய கையளவே உள்ள நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இவ்வுறுப்புக்கும் இரத்தம் தேவை. அதை இதயத் தமனிகள் கொண்டுவருகின்றன. இவற்றின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிந்தால் குழாய் குறுகிவிடும். இதுவே இதயத் தமனி நோய்.

குறுகிய தமனி, ஓய்வாக இருக்கும்போது தேவையான இரத்தத்தைத் தந்துவிடும். படியேறும்போதோ விரைந்து நடக்கும்போதோ அதனால் ஈடுகொடுக்க முடியாது. அப்போது நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். கொழுப்புப் படிவு வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிட்டால் மாரடைப்பு ஏற்படும்.

நோயைக் கண்டறிய மருத்துவர்கள் முதலில் இதயத்தின் மின்னலைகளைப் பதிவு செய்கிறார்கள். இரத்தத்தையும் சோதிக்கிறார்கள். ஓடுபொறியில் நடக்கவைத்து, உழைக்கும் இதயத்தைக் கவனிப்பதும் உண்டு. அடைப்பு எங்கே உள்ளது என்பதைத் தெளிவாக அறிய, கை அல்லது தொடையின் தமனி வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்துகிறார்கள். அதன்வழிச் சாயத்தைப் பாய்ச்சி ஊடுகதிர்ப் படம் எடுக்கிறார்கள். இதுவே ஆஞ்சியோகிராம்.

இதயம்வரை குழாயைச் செலுத்தலாம் என்று ஒரு காலத்தில் பலரும் நம்பவில்லை. 1929ஆம் ஆண்டு ஜெர்மனியில், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், தம் கையின் இரத்தக்குழாய் வழியாக 65 சென்டிமீட்டர் நீளத்திற்குக் குழாயைச் செலுத்தினார். பிறகு, ஊடுகதிர் அறைக்கு நடந்துசென்று படம் எடுத்தார். குழாயின் முனை அவருடைய இதயத்தில் இருந்தது! இம்முயற்சிக்காக, 1956இல் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1977இல் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் என்ற மருத்துவர், குழாயின் முனையில் சிறு பலூனைப் பொருத்தி, 38 வயது நோயாளி ஒருவரின் குறுகிய தமனியை விரித்தார். இன்று, விரித்த இடம் மீண்டும் சுருங்காமலிருக்க ஸ்டென்ட் எனும் வலைக்குழாயைப் பொருத்துகிறார்கள். அடைப்புகள் பல இருந்தால், கால் அல்லது மார்பிலிருந்து எடுத்த இரத்தக்குழாயைக் கொண்டு மாற்றுப் பாதை அமைக்கும் அறுவை சிகிச்சை செய்வார்கள். எல்லாருக்கும் இவை தேவைப்படுவதில்லை. மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் பலருக்குப் போதுமானவை.

இத்தனை வசதிகள் இருந்தும், காலம் கடந்தால் பயனில்லை. இரத்தம் கிடைக்காத இதயத் தசை சிறிது சிறிதாக இறந்துபோகும்; இறந்த தசை மீண்டும் வளராது. “வெறும் வாயுத் தொல்லைதான்” என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டு காத்திருப்பது ஆபத்தானது. பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் கடுமையான நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும். மூச்சுத் திணறல், குமட்டல், வியர்வை, காரணமற்ற சோர்வு ஆகியவையும் அறிகுறிகளே.

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், சிங்கப்பூரில் 995ஐயும் மலேசியாவில் 999ஐயும் உடனே அழையுங்கள். உங்கள் ஓர் அழைப்பு ஓர் உயிரைக் காக்கலாம்.