கட்டையும் சாரீரமும்

மணலியிலிருந்து கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் திருவொற்றியூர். தெற்கே பட்டணத்துக்குள் இறங்கினால், ஒற்றைவாடைக் கொட்டகை என்று நாடகப் பிரியர்கள் கொண்டாடிய அரங்கம் இருந்த வால்டாக்ஸ் சாலை. இந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளில் எவருக்கேனும் சங்கீத நாடகத்தில் வேடம் கட்டும் ஆசை உண்டாயின், அவர் முதலில் பரிச்சயம் செய்துகொள்ள வேண்டியவை ஒப்பனையோ வசனமோ அல்ல, தம் சாரீரமும் அதை அளந்து காட்டும் ஹார்மோனியமுமே.

1918-ஆம் ஆண்டு மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வாத்தியாராக அமர்ந்து சிறுவர்களுக்குப் பாடம் கொடுத்தார். பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று நாடு போற்றிய தி.க. சண்முகம், பால்மணம் மாறாத வயதில் அங்கே புகுந்தவர். அவருக்கென்றே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பிள்ளையின் தொண்டையை அறிந்து அதற்கேற்பப் பாட்டெழுதும் ஆசிரியர் வாய்ப்பது பெரும் பாக்கியம்.

நாடக சபையில் சேர்வதற்கான பாட்டுப் பரீட்சை என்பது பெரும்பாலும் சில நிமிஷ வேலைதான். ஹார்மோனியக்காரர் ஒரு கட்டையை அழுத்துவார். பையன் அதில் ஷட்ஜம் பிடிக்க வேண்டும். பிறகு பஞ்சமம், அதன்பின் மேல் ஷட்ஜம். அங்கே போய் நிற்கும்போது கழுத்து நரம்பு புடைக்கிறதா, தோள் ஏறுகிறதா, சுருதி இறங்குகிறதா என்று வாத்தியார் பார்த்துக்கொண்டிருப்பார். குரல் இனிமையாயிருப்பது அப்புறம். எட்டுகிறதா, நிற்கிறதா என்பதே முதற்கேள்வி.

ஹார்மோனியத்துக்கு 1842-இல் பாரிஸ் நகரத்து டெபெய்ன் காப்புரிமை பெற்றார். ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை விடுபட்ட பித்தளை நாக்குகள், துருத்தியின் காற்றால் அதிர்ந்து ஒலி எழுப்புகின்றன. நாக்கு நீண்டதாயின் ஸ்வரம் தாழும், குறுகியதாயின் உயரும். நம் நாடக மேடை விரும்பி ஏற்றது கால் ஹார்மோனியம்: துருத்தியைக் கால்களே மிதித்துக்கொள்வதால் இரு கைகளும் வாசிப்புக்கு ஒழிகின்றன. வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்றும், இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்றும் எண்ணுவது வழக்கம். இன்று கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரையிலும் பாடுகிறார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்துக் கொட்டகையிலோ, இரவு தொடங்கி விடியும் வரை கடைசி வரிசைக்கும் பாட்டுக் கேட்டாக வேண்டும். மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளைவிட உயர்ந்த ஒலிகளையே எளிதில் பற்றிக்கொள்ளும் இயல்புடையதாதலால், கட்டையைக் கூட்டிப் பாடுவது ஆடம்பரமாயிராமல் அவசியமாகவே இருந்தது. உச்ச ஸ்தாயியில் தங்குதடையின்றிச் சஞ்சரித்த நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா, 1933-இல் தம் இருபத்தேழாவது வயதிலேயே மறைந்துவிட்ட பின்னும், அந்தக் கூட்டிய சுருதியே மேடையின் இலட்சியமாக நீடித்தது.

சிறுவர்களுக்கோ வேறோர் ஆபத்து காத்திருந்தது. பருவம் வரும்போது குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிக்க, ஆண்பிள்ளையின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. நாடகக்காரர் இதனை மகரக்கட்டு என்பர். நேற்றுவரை ஸ்திரீபார்ட் எனும் பெண் வேடத்தில் ஜொலித்த பையன் ஒரே பருவத்தில் பாட்டிழந்து, வசன வேடத்துக்கோ, பபூனுக்கோ, திரைக்குப் பின்னால் ஏதேனும் வேலைக்கோ தள்ளப்படுவான். இயற்கையின் இந்த மாறுதலைக் குற்றமாகக் கருதி, உடையும் குரலை அதட்டிப் பாடவைத்த கொடுமையை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த மாதங்களில் நாண்களுக்கு வேண்டுவது ஓய்வும், கீழ் ஸ்தாயியில் மெல்லிய அப்பியாசமுமே.

அப்பியாசத்துக்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. வீணை குப்பையரின் குமாரர் திருவொற்றியூர் தியாகையர் இயற்றிய சஹானா வர்ணம் இன்றும் மாணவர்கள் பாடும் உருப்படி. அதை முதற்காலத்தில், அவசரமின்றி, மூச்சு எங்கே முறிகிறது என்று கவனித்துப் பாடி, அதே மூச்சுக்குள் இரண்டாங்காலம் அடங்கும் வரை பழகுவது, நடந்துகொண்டே பாட வேண்டிய நடிகனுக்கு மிகவும் உபகாரமானது. பரீட்சைக்குப் போகும் பிள்ளை தன் கட்டை இன்னதென்று ஹார்மோனியக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் அரைக் கட்டை கூட்டிவைத்தால், இறக்கும்படி மரியாதையோடு கேட்பதற்கும் கூச வேண்டாம்.