கங்கை நீராட்டும் சேற்றுக் கிணறும்

புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றுக் காவிரிக் கரையில் பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஒலிக்கும்போது, உடன் பாடும் அடியார் பலரது கையில் தமிழ் எழுத்தில் அச்சான புத்தகமே இருக்கும். 1767-இல் திருவாரூரில் அவதரித்து, 1847-இல் திருவையாற்றில் சித்தியடைந்த ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் பாடியவை பெரும்பாலும் தெலுங்குக் கிருதிகள். தஞ்சைத் தரணியின் இல்லங்களோ அவற்றைக் கேட்டும், தமிழ் எழுத்தில் படித்தும் பாடி வருகின்றன. பொருள் இடறும் இடம் இதுவே.

தெலுங்கில் நான்கு ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள் இருக்க, தமிழில் ஒன்றே உண்டு. 'பாவம்' என்பது உள்ளத்து உணர்வா, தீவினையா? 'கானம்' என்பது இசையா, காடா? இம்மயக்கம் தீரவே பாட்டுப் புத்தகங்களில் எழுத்தின் அருகே 2, 3, 4 என்று எண் இடுகின்றனர். அவ்வெண்ணைக் கவனியாமல் பாடிப் பழகியவர்க்குத் தவறான பொருளே நெஞ்சில் ஊன்றிவிடும்.

கல்யாணி ராகத்தில் அமைந்த 'நிதி சால சுகமா' இதற்குத் தக்க சான்று. செல்வம் மிகுந்த சுகம் தருமா, இராமனின் சந்நிதிச் சேவை சுகம் தருமா என்று மனத்தையே வினவும் கிருதி இது. தஞ்சை அரசவையின் அழைப்பையும் பொருளையும் சுவாமிகள் மறுத்த வேளையில் பிறந்தது என்பது மரபுவழிச் செய்தி.

இதன் சரணத்தில் தமம், சமம் என்னும் இரு சொற்கள் வருகின்றன. தமிழ்ச் செவிக்குத் தமம் இருள், சமம் ஒப்பு. சுவாமிகள் கருதியதோ வேறு. தமம் என்பது புலனடக்கம், சமம் என்பது மன அடக்கம். இவ்விரண்டுமே உண்மையான கங்கை நீராட்டு என்கிறார். அதற்கு எதிராக அவர் நிறுத்துவது, தீய விஷயங்கள் என்னும் சேற்றுக் கிணற்றில் குளிப்பது. சேற்றைக் குறிக்கும் சொல் 'கர்தமம்'. தாளத்தில் 'கர்' தனித்து நின்று, 'தம' அடுத்து ஒலித்தால், சேறும் புலனடக்கமும் கேட்பவர்க்கு ஒன்றாகிவிடும்! கிருதி எவற்றைப் பிரித்துக் காட்டுகிறதோ, அவையே கலந்துவிடுகின்றன.

ஐப்பசியில் கங்கையே காவிரிக்கு வருகிறாள் என்று நம்பித் துலா ஸ்நானம் செய்யும் மக்களுக்கு இப்பொருள் எத்துணை நெருக்கமானது! நீராடிய உடலோடு அடங்கிய மனமும் வேண்டும் என்று அதே காவிரிக் கரையில் வாழ்ந்தவர் சொல்கிறார். பொருள் தெரியாதவரை இவ்வுபதேசம் இனிய ஓசையாக மட்டுமே நின்றுவிடும்.

ஸ்ரீரஞ்சனி ராகத்தில் அமைந்த 'சொகசுகா ம்ருதங்க தாளமு' என்ற கிருதியில், கீர்த்தனை எவ்வாறு அமைய வேண்டும் என்பதைச் சுவாமிகளே கூறியுள்ளார். வேதாந்தப் பொருள் பொதிந்த சொல், சுர சுத்தம் ஆகியவற்றோடு யதியையும் விச்ராமத்தையும், அதாவது நிறுத்தும் இடத்தையும், அங்கே குறிக்கிறார். நிறுத்தும் இடம் அறிவதும் பக்தியின் ஓர் அங்கமே.

மழலையின் பிழைச்சொல்லைத் தாய் பொறுப்பதுபோல் இறைவனும் பொறுத்தருள்வான், ஐயமில்லை. ஆயினும், நெடுநாள் பாடிய கிருதியின் பதப் பொருளைத் தெலுங்கு அறிந்தவரிடம் கேட்டு, புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைப்பது எளிது. வயது அதற்குத் தடையன்று. பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டைக் கற்பிக்கும்போது, பொருளையும் சேர்த்துக் கற்பிப்போம்.