மண்ணுக்குள் கிடந்த கணக்குச் சிட்டை

கணக்குச் சிட்டையின் அருமை வணிகர்களாகிய நமக்குத் தெரியும். ஆனால் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய சிட்டைகள் மண்ணுக்கு அடியிலிருந்து வெளிவந்ததையும், அவற்றில் மிளகு விற்ற கணக்கு இருந்ததையும் நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். இங்கிலாந்தின் வட பகுதியில் விண்டோலாண்டா என்னும் இடத்தில் இவை கிடைத்தன. அங்கே ஆண்டுதோறும் அகழாய்வு நடக்கிறது. குழியில் இறங்கி மண் சுரண்டுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள் அல்லர். கைப்பணம் கட்டி வந்து வேலை செய்யும் தொண்டர்கள். அவர்கள் வேலை எப்படி நடக்கிறது என்பதை இங்கே விளக்குகிறோம்.

இடத்தின் சிறப்பு

விண்டோலாண்டா ரோமானியப் படை தங்கிய கோட்டை. கி.பி. 85ஐ ஒட்டி முதல் மரக்கோட்டை அங்கே எழுந்தது. ஒரு படை போனதும் அடுத்து வந்தவர்கள் பழைய தரையின் மேல் களிமண்ணையும் புல்வேர்க் கட்டிகளையும் பரப்பி, அதன் மேல் புதிதாகக் கட்டினார்கள். இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக 9 கோட்டைகள். அடியில் கிடந்த பொருள்களுக்குக் காற்று புகவில்லை, ஈரமும் வற்றவில்லை. ஆகவே சாதாரணமாக மக்கிப்போகும் மரம், தோல், துணி எல்லாம் அப்படியே இருக்கின்றன. செருப்புகள் மட்டும் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன.

1970இல் இந்த இடத்திற்காக ஓர் அறக்கட்டளை அமைந்தது. 1973இல் ராபின் பர்லி என்ற ஆய்வாளர் மரச் சீவல் போன்ற மெல்லிய துண்டுகளைக் கண்டார். பிரித்துப் பார்த்தால் உள்ளே மை எழுத்து! அன்று முதல் இன்று வரை நூற்றுக்கணக்கில் எழுத்துப் பலகைகள் கிடைத்துவிட்டன.

தொண்டரின் ஒரு நாள்

பருவம் வசந்தத்தில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. ஒரு தொண்டர் பொதுவாக இரண்டு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை வேலை செய்வார். ஆசிரியர், ஓய்வு பெற்றவர், மாணவர் என்று பல தரப்பினரும் வருகிறார்கள்.

காலையில் பொறுப்பாளர் ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்குவார். கையில் கொத்தனார் கரண்டி போன்ற சிறு கரண்டி. முழங்காலுக்கு அடியில் ஒரு மெத்தைத் துண்டு. மண்ணை வெட்டக் கூடாது. தம் பக்கமாக இழுத்து மெல்லிய படலமாகச் சுரண்ட வேண்டும். மண்ணின் நிறம் மாறினால் உடனே நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் நிறம் மாறினால் காலம் மாறுகிறது. சுரண்டிய மண்ணை வாளியில் அள்ளி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மழை பெய்தால் குழியில் தண்ணீர் நிற்கும். அதைப் பம்ப் வைத்து இறைத்த பிறகே வேலை. பல நாள் எலும்புத் துண்டும் பானை ஓடும் தவிர வேறொன்றும் வராது.

ஏதாவது தட்டுப்பட்டால் பிடுங்கி எடுக்கக் கூடாது என்பதே முதல் விதி. பொறுப்பாளர் வந்து பார்த்து, இடத்தைக் குறித்த பிறகே எடுக்க வேண்டும். எடுத்ததைப் பையில் போட்டு, எந்தக் குழி, எந்த அடுக்கு, எந்தத் தேதி என்று சீட்டு எழுதி வைப்பார்கள். பானை ஓட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவலாம். மரத்தையும் தோலையும் உலர விடக் கூடாது. உலர்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். எழுத்துப் பலகை என்று சந்தேகம் வந்தாலோ, சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்தே எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் அகச்சிவப்புப் புகைப்படத்தில் தெரியும்.

சீட்டு இல்லாத சரக்கு

இந்தச் சீட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நம் கிடங்கில் நூறு மூட்டை அடுக்கியிருக்கிறோம். லாட் எண் போய்விட்டால் எது எப்போது வந்தது, யாரிடம் வாங்கியது என்று சொல்ல முடியுமா? அகழாய்வும் அப்படித்தான். அடி அடுக்கு பழையது, மேல் அடுக்கு பிந்தியது. அடுக்கு எண் தொலைந்த பொருள் பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் அது எந்தப் படையின் காலத்தது என்று சொல்லாது.

இந்தக் கவனத்தால் நமக்குக் கிடைத்தது என்ன? ஒரு பலகையில் அக்டேவியஸ் என்பவர் கான்டிடஸ் என்பவருக்கு எழுதுகிறார். 5,000 மோடி அளவு தானியக் கதிர் வாங்கியாகிவிட்டது. ஒரு மோடி என்பது சுமார் 8.7 லிட்டர். குறைந்தது 500 தினாரியஸ் வெள்ளிக்காசு அனுப்பாவிட்டால் கொடுத்த முன்பணம் சுமார் 300 தினாரியஸ் போய்விடும், நம் முகம் கெடும் என்கிறார். வேறோர் ஊரில் தோல் சரக்கு நிற்கிறது. பாதை மோசமாக இருப்பதால் வண்டி இழுக்கும் விலங்குகளை வருத்த மனமில்லாமல் போகவில்லை என்கிறார். கொள்முதல், முன்பணம், போக்குவரத்து என்று நாம் இன்று படும் பாடு எல்லாம் அதில் இருக்கிறது.

இன்னொரு பலகை படைவீரர்கள் வாங்கிய பொருள்களின் கணக்கு. தாப்போ மகன் கம்பாக்ஸ் பெயரில் மிளகு 2 தினாரியஸ் என்று பதிவு. அந்தக் காலத்தில் ரோமானியருக்கு மிளகு போனது பெரும்பாலும் சேர நாட்டு மேற்குக் கடற்கரையிலிருந்துதான். அங்கே ஏற்றிய சரக்கு எவ்வளவு தூரம் போய்ச் சில்லறையில் விற்றது என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சி.

காலம் குறைவு

2017 ஜூனில் ஒரே இடத்தில் 25 பலகைகள் கிடைத்தன. இன்னும் எத்தனையோ மண்ணில் இருக்கலாம். ஆனால் வெப்பமும் வறட்சியும் கூடக் கூட ஈர மண் உலர்கிறது. காற்று உள்ளே புகுந்தால் இத்தனை நூற்றாண்டு தாங்கிய மரமும் தோலும் மக்கிவிடும். இந்த அச்சத்தால்தான் அருகிலுள்ள மாக்னா என்ற கோட்டையிலும் 2023இல் அகழாய்வு தொடங்கினார்கள். அங்கும் தொண்டர்கள் கரண்டி பிடிக்கிறார்கள்.

எழுதியவர்களுக்கு அந்தப் பலகைகள் வேலை முடிந்த குப்பை. வீசியும் எரித்தும் போனார்கள். நம் கடைகளிலும் தாத்தா காலத்துப் பேரேடுகள் பரணில் கிடக்கின்றன. எடைக்குப் போடும் நாளும் வந்துவிடுகிறது. போடுவதற்கு முன் சில ஏடுகளையாவது எடுத்து, கடைப் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து வைப்போம். நனையாத இடமும் அந்த ஒரு சீட்டும் போதும்.