நெல்லின் மரபணுவும் சட்டம் காணாத ‘வேறொருவரும்’

அழகர்மலை அடிவாரத்திலிருந்து மேலூர் நோக்கி விரியும் நெல்வயல்களில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இலையுறைக் கருகல் நோய் பரவுகிறது. ரைசோக்டோனியா சொலானி என்னும் பூஞ்சை, நீர்மட்டத்தை ஒட்டிய இலையுறையில் சாம்பல் நிறப் புள்ளியாகத் தொடங்கி மேலேறும். இதை முழுமையாக எதிர்க்கும் நெல் இரகம் இல்லாததால் பூஞ்சைக்கொல்லியே வழியாகிறது. அந்தத் தெளிப்பானை முதுகில் சுமப்பவர் பெரும்பாலும் நிலமற்ற தலித் கூலித் தொழிலாளர். மருந்து தெளிப்போருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்கின்றன 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள். எந்த வரப்பில் அதைக் கண்டிருக்கிறோம்?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. வேலுதம்பியின் குழு வேறொரு வழியை ஆராய்ந்தது. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் உண்டு. அதைச் சிதைக்கும் கைட்டினேஸ் நொதிக்கான மரபணு நெல்லிலேயே இருக்கிறது; அது எப்போதும் இயங்கும்படி பூசா பாஸ்மதி-1 இரகத்தில் செலுத்தினர். அந்நெல்லில் நோயெதிர்ப்பு கூடியதாக 2003இல் ஆய்வுக்கட்டுரை வெளியானது. 2008இல் மற்றொரு நொதியின் மரபணுவையும் சேர்த்துச் சோதித்தனர். நோய் முற்றிலும் ஒழியவில்லை, குறைந்தது. ஆய்வு உழவர் வயலை எட்டவில்லை.

மரபணு மாற்றம் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து எதிர்ப்பது நமக்கு உதவாது என்பது என் கருத்து. களைக்கொல்லியைத் தாங்கும் பயிர், களையெடுக்கும் பெண்களின் கூலியைப் பறிக்கும், நஞ்சையும் கூட்டும். உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு 2013இல் அத்தகைய பயிர்களை ஏற்க மறுத்தது சரியே. பூஞ்சையைத் தாங்கும் நெல்லோ தொழிலாளியின் உடலில் இறங்கும் நஞ்சைக் குறைக்கக்கூடும்.

ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அத்தொழிலாளி இருக்கிறாரா? 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் ‘உழவர்’ யார் என்று வரையறுக்கிறது. தாமே பயிரிடுபவர் உழவர். வேறொருவரைக் கொண்டு நிலத்தைப் பயிரிட்டு நேரடியாக மேற்பார்வையிடுபவரும் உழவர். அந்த ‘வேறொருவர்’ யாரென்று சட்டம் சொல்லவில்லை. விதையைச் சேமிக்க, பகிர, விற்க வழங்கப்பட்ட உரிமையும் மேற்பார்வையாளருக்கே போய்ச் சேர்கிறது.

மரபணு மாற்றக் கடுகு வழக்கில் 2024 ஜூலை 23 அன்று நீதிபதிகள் இருவரும் அனுமதி குறித்து மாறுபட்டனர். தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். கலந்தாலோசிக்க வேண்டியோராக வல்லுநர்கள், மாநில அரசுகள், உழவர் பிரதிநிதிகள் போன்றோர் குறிப்பிடப்பட்டனர். வேளாண் தொழிலாளர் பெயரிடப்படவில்லை. ‘போன்றோர்’ என்ற அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு மனு அளிக்கலாம். ஒவ்வொரு புதிய விதையும் ஒரு போகத்தில் எத்தனை முறை மருந்தடிப்பதைக் குறைக்கும் என்ற கணக்கை அனுமதிக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது அம்மனுவின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.