வலசைப் பறவைகளைக் காணச் செல்லுதல்

மழைக்காலம் ஓய்ந்து வட ஆசியாவில் நீர்நிலைகள் உறையத் தொடங்கும் பருவத்தில், பல இலட்சம் நீர்ப்பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றுள் பெரும் பகுதி பாரதத்தின் ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் வந்தடைகிறது. பறவைகளின் இப்பருவப் பயணத்தையே வலசை என்கிறோம். பள்ளியில் பாடமாக மட்டும் படிக்கப்பெறும் இந்நிகழ்ச்சியை நேரில் காண அரிய கருவிகள் தேவையில்லை. தக்க இடமும், தக்க பருவமும், பொறுமையும் இருந்தால் போதும். ஆசிரியர்கள் தம் குடும்பத்தாருடனோ மாணவர்களின் குடும்பங்களுடனோ இத்தகைய பயணத்தை மேற்கொள்ளும் முறையை, இராஜஸ்தானிலுள்ள பரத்பூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இடத்தின் இயல்பு

ஆக்ராவுக்கு மேற்கே, ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது கேவலாதேவ் தேசியப் பூங்கா. இதனுள் இருக்கும் சிவன் கோயிலின் பெயரே பூங்காவுக்கு வழங்குகிறது. இது தானே தோன்றிய ஏரி அன்று என்பதை மாணவர்களுக்கு முதலில் சொல்லுதல் நலம். இயற்கையாக அமைந்த ஒரு பள்ளத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட மன்னர் சூரஜ்மல் காலத்தில் எழுப்பப்பட்ட அஜான் அணையின் காரணமாக நீர் பரவிற்று. பின்னர்க் கரைகளும் மதகுகளும் அமைத்து, நீரைப் பல பாத்திகளாகப் பிரித்து, வாத்து வேட்டைக்குரிய களமாக இதனை ஆக்கினர்.

கோயிலருகே கற்பலகையில் அவ்வேட்டைகளின் கணக்கு பொறிக்கப்பட்டுள்ளது. 1938ஆம் ஆண்டு நவம்பரில், அன்றைய வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. மன்னர் குடும்பத்தின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. 1981இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும், 1985இல் உலகப் பாரம்பரிய இடமாகவும் இது ஏற்கப்பட்டது. 350க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்குக் காணப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன.

பறவைகள் ஏன் வருகின்றன?

குளிருக்கு அஞ்சியே பறவைகள் வருகின்றன என்று பலர் கருதுவர். இது பாதி உண்மையே. அடர்ந்த இறகு போர்த்த வாத்துக்கு வெறும் குளிர் பெரிய இடர் அன்று; நீர் உறைந்தபின் உணவு கிட்டாமையே பேரிடராகும். பகற்பொழுது குறைவதைப் பறவையின் உடல் உணர்ந்து, புறப்படுவதற்கு முன்னரே கொழுப்பைச் சேமித்துக்கொள்கிறது. கதிரவன், விண்மீன்கள், பூமியின் காந்தப் புலம், பழகிய மலைகளும் ஆறுகளும் ஆகிய யாவும் வழியறிய உதவுகின்றன.

பரத்பூர், மத்திய ஆசிய வலசைப் பாதையில் உள்ளது. இப்பாதை வட ஆசியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தழுவியது. இவ்வழியே வருவனவற்றுள் வரித்தலை வாத்து தனிச் சிறப்புடையது. வெண்மையான தலையின் பின்புறம் இரு கருங்கோடுகள் கொண்ட இப்பறவை, திபெத்து, மங்கோலியா, லடாக்கு ஆகிய பகுதிகளில் இனப்பெருக்கம் செய்து, இமயத்தைக் கடந்து இங்கு வருகிறது. ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில், கடல் மட்டத்தில் கிடைக்கும் உயிர்வாயுவில் பாதியளவே கிடைக்கும். இப்பறவையின் இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின், அந்நிலையிலும் உயிர்வாயுவை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் தன்மையது.

இது எப்பொழுதும் எவரெஸ்டு சிகரத்துக்கு மேலாகப் பறப்பதாகப் பழைய நூல்கள் சில கூறும். பறவைகளின் உடலில் கருவி பொருத்தி நடத்திய அண்மைக்கால ஆய்வுகள் இதனைத் திருத்தியுள்ளன. 7,000 மீட்டருக்கு மேல் பறந்த பறவையும் பதிவாகியுள்ளதாயினும், பெரும்பாலும் அவை 6,000 மீட்டருக்குக் கீழேயே, மலைச் சரிவுகளை ஒட்டி ஏறியும் இறங்கியும் பறக்கின்றன. காற்று குளிர்ந்து அடர்த்தி மிகுந்திருக்கும் இரவிலும் விடியற்காலையிலுமே மலையைக் கடப்பதையும் அவை விரும்புகின்றன. பாடப்புத்தகச் செய்தியும் புதிய சான்றினால் மாறக்கூடும் என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

விருந்தினர் யார், உள்ளூரார் யார்?

முதன்முறை வருவோர் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுண்டு. மரங்களில் கூட்டங்கூட்டமாக அமர்ந்திருக்கும் மஞ்சள் மூக்கு நாரைகளைக் கண்டதும், அவை சைபீரியாவிலிருந்து வந்தவை எனக் குழந்தைகளுக்குச் சொல்லிவிடுவர். அவை நம் நாட்டுப் பறவைகளே. மழைக்காலத்தில் மீன் பெருகும்போது இங்குள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. நத்தை குத்தி நாரை, பாம்புத்தாரா, இணையாக வாழும் நெடிய சாரசக் கொக்கு ஆகியனவும் நம் நாட்டினவே.

ஒரு பொது விதியாக, கூடும் குஞ்சும் காணப்பட்டால் அது உள்ளூர்ப் பறவை என்று கொள்ளலாம். வலசை வந்த பறவைகள் இங்குக் கூடு கட்டுவதில்லை. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை போன்ற வாத்தினங்களும், வரித்தலை வாத்தும், நீரின்மேல் தாழப் பறந்து இரை தேடும் சேற்றுப் பூனைப்பருந்தும் குளிர்கால விருந்தினர்களாம்.

வாத்துக்களைப் பிரித்தறிய நிறத்தை மட்டும் நம்பலாகாது. அக்டோபரில் வந்து சேரும் ஆண் வாத்துக்கள் பல, பெண் வாத்தைப்போல் மங்கிய பழுப்பு நிறத்திலேயே இருக்கும். குளிர்காலம் முற்றும்போதுதான் அவற்றின் பளிச்சிடும் இறகு முழுமை பெறும். ஆகையால் முதலில் செயலைக் கவனிக்கச் செய்க. வாலை மேலே தூக்கித் தலையை மட்டும் நீரில் அமிழ்த்துகிறதா? முழுவதும் மூழ்கி வேறிடத்தில் எழுகிறதா? கரையில் புல் மேய்கிறதா? செயலை அறிந்தபின் அலகின் வடிவையும், அதன்பின் நிறத்தையும் நோக்கினால் பிழை குறையும்.

பயண ஏற்பாடு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை தக்க காலம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் பெரும்பனி மூடுவதால், சிறுவர்களை அழைத்துச் செல்வோர் வெயில் சற்று ஏறியபின் தொடங்குவதே நன்று. பனி விலகும்வரை உள்ள நேரத்தை, பறவைகளின் ஒலியைக் கேட்டு எத்தனை வகை எனக் கணக்கிடப் பயன்படுத்தலாம்.

பூங்காவினுள் நடந்தோ, மிதிவண்டியிலோ, ரிக்ஷாவிலோ செல்லுதல் வழக்கம். ரிக்ஷா ஓட்டுவோருள் பலர் பறவைகளை இனங்காணப் பயிற்சி பெற்றவர்கள். பல்லாண்டு அனுபவத்தால் ஒவ்வொரு நீர்ப்பாத்தியின் நிலையையும் அறிந்தவர்கள். அவர்களை வெறும் ஓட்டுநராகக் கருதாமல், அன்றைய ஆசிரியராகவே மாணவர்களுக்கு அறிமுகம் செய்வது முறை.

குழு பத்துப் பேருக்கு மேற்படாதிருத்தல் நலம். மங்கிய நிற உடை, தொப்பி, குடிநீர், தொலைநோக்கி ஒன்றிரண்டு, பென்சில், குறிப்பேடு ஆகியவை போதும். பறவைகளுக்கு உணவிடுவதும், அவற்றைப் பறக்கச் செய்யக் கைதட்டுவதும், பதிவு செய்த பறவையொலியை ஒலிக்கச் செய்து அழைப்பதும் கூடா. வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும், திரும்பும் பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கை அப்பறவை இழக்கிறது. இக்காரணத்தை விளக்கினால் சிறுவர் தாமாகவே அமைதி காப்பர்.

எண்ணும் முறை

பார்த்து மகிழ்வதோடு நின்றுவிட்டால் அது உல்லாசப் பயணமாகவே முடியும். எண்ணிக் குறித்தால் அது ஆராய்ச்சியின் முதற்படியாகிறது. பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை கண்பார்வையில் எவ்வளவு இடம் கொள்கின்றன என மனத்தில் பதித்துக்கொள்க. பின்னர் அதே அளவுள்ள இடங்கள் கூட்டத்தில் எத்தனை என்று கணக்கிடுக. மிகப் பெரிய கூட்டமாயின் நூறு பறவைகளை அலகாகக் கொள்ளலாம். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் பிழையின் அளவும் தெரியவரும்.

குடும்பத்தில் ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, சிறுவர் ஒருவர் கரையோரத்தைக் கவனிக்கலாம். குறிப்பேட்டில் நாள், நேரம், இடம், வானிலை, நீரின் அளவு, இனம், எண்ணிக்கை, செயல் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிசை இருத்தல் வேண்டும். இனம் தெரியாதவற்றைத் தெரியாதவை என்றே எழுதுக. ஊகித்த பெயர் பிற்காலத்தில் எவரையும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி தோறும் இவ்வாறே தன்னார்வலர்களின் உழைப்பால் நடைபெற்று வருகிறது.

காலில் வளையம் பூண்ட பறவை தென்பட்டால் அதனையும் குறிக்க வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், டாக்டர் சாலிம் அலியின் முயற்சியால் பரத்பூரிலும் தமிழகத்தின் கோடியக்கரையிலும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு எண்ணிட்ட வளையம் அணிவித்தது. பீகாரின் மீர்ஷிகார் என்னும் பறவை பிடிக்கும் மரபினரின் கைத்திறமே இப்பணிக்குத் துணை நின்றது. கொல்வதற்கு வழிவழியாகப் பயின்ற கலை, சிறு காயமுமின்றிப் பிடித்து விடுவிக்கும் அறிவியலுக்குப் பயன்பட்டது.

வராத பறவை

பரத்பூர் கற்பிக்கும் மிகக் கடுமையான பாடம், இன்று அங்குக் காணவியலாத ஒரு பறவையைப் பற்றியது. மேற்குச் சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தானம் வழியாக வந்த சைபீரியப் பெருங்கொக்கு, பனிபோன்ற வெண்மையும் சிவந்த முகமும் உடையது. 1960களின் இடைப்பகுதியில் ஏறத்தாழ 200 பறவைகள் இங்குக் குளிர்காலத்தைக் கழித்தன. ஆண்டுதோறும் அவை குறைந்தன. 2001–02ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஓர் இணை மட்டுமே வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. வழியில் நிகழ்ந்த வேட்டையும், தங்கிச் செல்லும் நீர்நிலைகளின் அழிவும் இதற்கு முதன்மையான காரணங்கள். பரத்பூரின் வேலிக்குள் எவ்வளவு காவல் செய்தும், ஆயிரம் காதத்துக்கு அப்பால் நேர்ந்த தீங்கைத் தடுக்க இயலவில்லை.

இக்குறைவை நாம் அறிந்தது, ஆண்டுதோறும் எவரோ எண்ணிக் குறித்து வைத்ததனாலேயே. எனவே எதிர்பார்த்த பறவை காணப்படாதபோது அந்த இடத்தை வெறுமையாக விடாமல், சுழியம் என்று எழுதும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுக. வெற்றிடம், பார்க்கவில்லை எனப் பொருள்படும். சுழியமோ, தேடியும் இல்லை எனப் பொருள்படும்.

மனிதரும் எருமைகளும்

மற்றொரு பாடம் உள்ளூர் மக்களைப் பற்றியது. சுற்றுக் கிராமத்தார் நெடுங்காலமாக இங்கு எருமை மேய்த்து வந்தனர். தேசியப் பூங்கா ஆனதும், 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. அதனால் எழுந்த மோதலில் காவலரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கிராமத்தார் சிலர் பலியாயினர். பறவைகளின் நன்மைக்கென விதித்த அத்தடையின் விளைவோ எதிர்பாராததாயிற்று. எருமைகள் மேயாத நீர்ப்பாத்திகளில் ஒருவகை நீர்ப்புல் அடர்ந்து படர்ந்து, வாத்துக்களுக்கு வேண்டிய திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பத்தாண்டுகள் நடத்திய ஆய்வே, எருமைகளும் அந்நிலத்தின் ஒழுங்கில் ஒரு பங்கு வகித்தன என்பதைத் தெளிவாக்கியது.

நீரைப் பற்றியும் மக்களைக் கேட்டறிதல் வேண்டும். கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்தபின், பூங்காவுக்கு வந்த வெள்ளம் பெரிதும் குறைந்தது. அந்நீர் மேற்பகுதி உழவர்களுக்கும் உயிர்நாடியாகும். பின்னர் கோவர்த்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் குழாய் வழியாக நீர் கொணர ஏற்பாடு செய்யப்பட்டது. பறவைக்கும் பயிருக்கும் நீரைப் பகிர்வது எவ்வாறு என்பது எளிய வினா அன்று. அதனை வகுப்பில் விவாதிக்கச் செய்வது, பத்துப் பறவைகளின் பெயரை மனனம் செய்விப்பதினும் பயன் தரும்.

முடிவுரை

பரத்பூர் செல்ல இயலாதோர் தம் ஊர் ஏரியிலேயே இம்முறையைக் கையாளலாம். ஆண்டுதோறும் அதே வாரத்தில், அதே கரையில், அதே நேரத்தில் சென்று குறித்துவருதல் ஒன்றே நிபந்தனை. ஒரு முறை சென்ற பயணம் இனிய நினைவாக நிற்கும். பத்தாண்டுக் குறிப்பேடோ, அவ்வேரியின் வரலாறாக விளங்கும். பள்ளியை விட்டு மாறிச் செல்லும் ஆசிரியர், அக்குறிப்பேட்டைத் தமக்குப் பின் வருபவரிடம் தவறாது ஒப்படைத்துச் செல்வாராக.